போஸ்பாரா சந்தில் ஒரு பள்ளிக்கூடம்

கொல்கத்தா மாநகரின் தெற்கே டாலிகஞ்ச் என்றொரு பகுதி உள்ளது. தூர்ந்து கிடந்த ஆதிகங்கையை 1770-களில் வெட்டிச் சீர்செய்த டாலி என்ற ஆங்கிலேய அதிகாரியின் பெயரை அது தாங்கி நிற்கிறது. அந்தக் கால்வாயின் கரையிலேயே, சற்று வடக்கில், காளிகட்டத்துக் காளி கோயில் கொண்டிருக்கிறாள். டாலிகஞ்சில் மெட்ரோ ரயில் ஏறினால் நகரின் அடிவயிற்றின் வழியே வடக்கு நோக்கிச் சென்று ஷியாம்பஜாரில் இறங்கலாம். அங்கிருந்து கங்கையை நோக்கி நடந்தால் பாக்பஜார். அகன்ற சாலைகளிலிருந்து பிரியும் குறுகிய சந்துகளில் ஒன்று போஸ்பாரா சந்து.

அயர்லாந்திலிருந்து வந்த ஒரு பெண்மணி அந்தச் சந்தில் பெண் குழந்தைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கினார். பள்ளி தொடங்குவது பெரிய செயல் அன்று. அக்காலத்தில் கல்கத்தாவில் பெண்களுக்குப் பள்ளிகள் இருக்கத்தான் செய்தன. ஆனால் வைதிக இந்துக் குடும்பங்கள் தம் பெண்களை அவற்றுக்கு அனுப்பத் தயங்கின. அந்தத் தயக்கத்தை, குடும்பங்களைப் பழிக்காமல், அவர்களுள் ஒருவராகவே வாழ்ந்து கரைத்தவர் சகோதரி நிவேதிதை. அவரது வாழ்க்கையைப் பலரும் பல கோணங்களில் எழுதியுள்ளனர். இங்கே நாம் காணப்போவது ஆசிரியையாகிய நிவேதிதையை.

தாயே முதல் ஆசிரியை

மார்கரெட் எலிசபெத் நோபிள் 1867 அக்டோபர் 28 அன்று வட அயர்லாந்தின் டங்கனன் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை சாமுவேல் நோபிள் ஒரு கிறிஸ்தவ மதபோதகர். ஏழைகளுக்காக ஓய்வின்றி உழைத்த அவர் 34 வயதிலேயே காலமானார். மார்கரெட்டுக்கு அப்போது வயது 10. ஹாலிஃபாக்ஸ் நகரில் விடுதியுடன் கூடிய பள்ளியில் கட்டுப்பாடு மிகுந்த சூழலில் படித்து முடித்து, 1884-இல், 17 வயதிலேயே கெஸ்விக் என்ற ஊரில் ஆசிரியையாகப் பணியேற்றார். பின்னர் ரக்பி, சுரங்கத் தொழிலாளர் நிறைந்த ரெக்ஸ்ஹாம், செஸ்டர் என ஊர்கள் மாறின. ரெக்ஸ்ஹாமில் அவர் மணந்துகொள்ள எண்ணியிருந்த இளைஞர் நோயுற்று இறந்தார். அந்தத் துயரத்தை அவர் பணியில் கரைத்துக்கொண்டார்.

அக்காலத்தில் ஐரோப்பாவில் புதிய கல்விச் சிந்தனை ஒன்று பரவிக்கொண்டிருந்தது. சுவிட்சர்லாந்தின் பெஸ்டலோசியும் ஜெர்மனியின் ஃப்ரோபலும் அதன் முன்னோடிகள். குழந்தையின் மனம் காலிப் பாத்திரம் அன்று, அது விதை. ஆசிரியர் அதற்குள் எதையும் திணிக்க வேண்டியதில்லை, வளரும் சூழலைத் தந்தால் போதும் என்பது அவர்களது கொள்கை. இருவரும் மற்றொன்றையும் வற்புறுத்தினர்: குழந்தையின் முதல் ஆசிரியை தாய். பெஸ்டலோசி 1801-இல் எழுதிய நூலின் தலைப்பே தன் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் ஒரு தாயைக் குறிப்பதுதான். கிண்டர்கார்ட்டன் முறையைத் தந்த ஃப்ரோபல் 1844-இல் தாய்மார்களுக்கென்றே விளையாட்டுப் பாடல்களின் தொகுதி ஒன்றை வெளியிட்டார். மார்கரெட் இச்சிந்தனைகளில் தோய்ந்தார். லண்டனை அடுத்த விம்பிள்டனில் 1895-இல் சொந்தமாக ஒரு பள்ளி தொடங்கி, இவற்றை நடைமுறைப்படுத்திப் பார்த்தார்.

அதே 1895 நவம்பரில் லண்டனில் ஒரு சீமாட்டியின் இல்லத்தில் சுவாமி விவேகானந்தரை முதன்முதலாகச் சந்தித்தார். உடனே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. வாதிட்டார், மறுத்தார், மீண்டும் மீண்டும் சென்று கேட்டார். இந்தியப் பெண்களின் கல்விக்கு அவரால் உதவ முடியும் என்று சுவாமிஜி கருதியபோது, வெற்றியோடு நடந்துகொண்டிருந்த பள்ளியையும் சுற்றத்தையும் விட்டுப் புறப்பட்டார். 1898 ஜனவரி 28 அன்று கப்பல் கல்கத்தாவை அடைந்தது. மார்ச் 25 அன்று சுவாமிஜி அவருக்குப் பிரம்மசரிய தீட்சை அளித்து, நிவேதிதை என்ற பெயரைச் சூட்டினார். அர்ப்பணிக்கப்பட்டவள் என்பது அதன் பொருள்.

பெண்ணைத் தருவது யார்?

அந்த ஆண்டின் பெரும்பகுதி சுவாமிஜியுடன் அல்மோரா, காஷ்மீர் என்று பயணத்தில் கழிந்தது. நவம்பரில் கல்கத்தா திரும்பியதும் நிவேதிதை நேராக அன்னை ஸ்ரீசாரதாதேவியார் தங்கியிருந்த போஸ்பாரா சந்து வீட்டுக்குச் சென்றார். சில நாட்கள் அங்கேயே தங்கினார். மேலைநாட்டுப் பெண் ஒருத்தியைத் தம்முடன் தங்கவைப்பது அந்தணக் குலத்தில் பிறந்த ஒரு விதவைப் பெண்மணிக்கு அன்று எத்தகைய துணிவு என்பதை இன்றைய வாசகர்களால் எளிதில் உணர இயலாது. ஊர் பேசும், உறவு விலகும். அன்னை அதைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் தம்மால் அன்னைக்குச் சங்கடம் நேரலாகாது என்று எண்ணிய நிவேதிதை, அதே சந்தில் 16-ஆம் எண் வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டார்.

பள்ளி தொடங்குவதற்குச் சற்று முன், ஸ்ரீராமகிருஷ்ணரின் இல்லறச் சீடர் பலராம் போஸின் வீட்டில் பக்தர்கள் கூட்டம் ஒன்று நடைபெற்றது. வந்திருந்தவர்கள் யாவரும் படித்தவர்கள், பெண் கல்வியை வாயளவில் ஆதரித்தவர்கள். நிவேதிதை தம் திட்டத்தை விளக்கி, பெண் குழந்தைகளை அனுப்புமாறு வேண்டினார். அனைவரும் தலையசைத்தனர், எழுந்து பெயர் கொடுக்க எவரும் முன்வரவில்லை. சுவாமிஜி ஓசையின்றி வந்து பின்வரிசையில் அமர்ந்திருந்தார். பெண்களைப் பெற்ற நண்பர்களை விரலால் இடித்து, எழுந்து வாக்களிக்கும்படி மெல்லத் தூண்டினார். அப்போதும் அசைவில்லை. உடனே அவர்களில் ஒருவருடைய மகளைத் தருவதாக, அவர் சார்பில் தாமே உரக்க அறிவித்துவிட்டார்! நிவேதிதை மகிழ்ச்சி தாளாமல் குழந்தை போலக் கைதட்டினாராம்.

இந்நிகழ்ச்சியில் நகைச்சுவை இருக்கிறது, உண்மையும் இருக்கிறது. பெற்றோர் மனம் திறக்காமல் பள்ளியின் கதவைத் திறந்து பயனில்லை என்பதைச் சுவாமிஜி அறிந்திருந்தார்.

1898 நவம்பர் 13, காளிபூஜை நாள். அன்னை ஸ்ரீசாரதாதேவியார் வந்து பூஜை செய்து பள்ளியைத் தொடங்கி வைத்தார். சுவாமிஜியும் சுவாமி பிரம்மானந்தரும் சுவாமி சாரதானந்தரும் உடனிருந்தனர். இங்குப் பயிலும் பெண்கள் சிறந்த பெண்மணிகளாக உருவாகட்டும் என்று அன்னை மெல்லிய குரலில் ஆசி கூற, அதைக் கோலாப்மா உரக்க எடுத்துரைத்தார். பாக்பஜார் குடும்பங்கள் அதன் பிறகே தங்கள் பெண்களை அனுப்பத் துணிந்தன எனலாம். ஓர் அரசு ஆணையாலோ விளம்பரத்தாலோ விளைந்திருக்க முடியாத நம்பிக்கை அது.

அண்டை வீட்டார்

நிவேதிதையின் பள்ளிக்குச் சுவர்கள் இருந்தன, எல்லை இருக்கவில்லை. ஒரு குழந்தை வரவில்லையென்றால் அவர் அக்குழந்தையின் வீட்டுக்கே சென்றார். அவரது வீட்டில் பணிபுரிந்த மூதாட்டி ஆசாரம் மிகுந்தவர். வெள்ளைக்காரப் பெண்மணி தொட்ட தண்ணீரை அவர் அருந்த மாட்டார். நிவேதிதை அதைக் குறையாக எண்ணவில்லை. அம்மூதாட்டியின் ஒழுங்குக்குத் தாமே கட்டுப்பட்டு நடந்தார். அண்டை வீடுகளின் சமையல் மணம், விரத நாட்கள், மருமகளின் நாணம், பாட்டியின் அதிகாரம் யாவற்றையும் அன்புடன் கவனித்தார். 1904-இல் வெளிவந்த அவரது நூலில் இந்திய இல்லத்தைப் பற்றி அவர் எழுதியவை அந்தச் சந்திலே கற்ற பாடங்களே.

ஓரிரவு அருகிலிருந்த வீட்டில் ஒரு சிறுமி இறந்துவிட்டாள். அழுகுரல் கேட்டு நிவேதிதை ஓடினார். பெற்ற தாய் அவர் மடியில் சாய்ந்து கதறினாள். தன் மகள் எங்கே சென்றாள் என்று கேட்டாள். குழந்தை இப்போது காளி அன்னையிடம் இருக்கிறாள் என்று நிவேதிதை தேற்ற, அத்தாயின் அழுகை அடங்கிற்று.

1899-இல் கல்கத்தாவைப் பிளேக் நோய் தாக்கியது. இராமகிருஷ்ண மிஷன் நிவாரணப் பணியில் இறங்கியது. நிவேதிதை அதன் செயலாளர், சுவாமி சதானந்தர் களத் தலைவர். துப்புரவுக்கு ஆள் கிடைக்காத ஒருநாள் நிவேதிதை தாமே துடைப்பத்தை எடுத்துச் சந்தைக் கூட்டத் தொடங்கினார். அதைக் கண்ட தெருவின் இளைஞர்கள் வெட்கி, அவர் கையிலிருந்து துடைப்பத்தை வாங்கிக்கொண்டனர். பிளேக் கண்ட ஒரு சிறுவனை, மருத்துவர் எச்சரித்தும் கேளாமல், அவனது ஈரமான குடிசையிலேயே மடியில் கிடத்திக் கவனித்தார். அவன் பிழைக்கவில்லை. கடைசி நேரத்தில் அவரையே தன் தாயென்று எண்ணி அழைத்து உயிர் துறந்தான்.

இதே ஆண்டு மே மாதம் காளிகட்டத்தில், ஆதிகங்கைக் கரையிலுள்ள அந்தக் கோயிலில், காலணியின்றிச் சென்று காளி வழிபாட்டைப் பற்றி உரையாற்றினார். கற்றறிந்த வங்காளிகள் சிலர் முகம் சுளித்தனர். பாக்பஜார் பாட்டிமார்களோ அவரைத் தங்களவளாகவே எண்ணத் தொடங்கியிருந்தனர்.

ஆனால் பணம் இல்லை. பள்ளியில் கட்டணம் கிடையாது. 1899 ஜூனில் நிதி திரட்டும் நோக்கில் சுவாமிஜியுடன் மேலைநாடுகளுக்குப் புறப்பட்டார், பள்ளி மூடப்பட்டது.

புளியங்கொட்டையும் கோலமும்

1902 பிப்ரவரி தொடக்கத்தில் நிவேதிதை கடல்வழியாக இந்தியா திரும்பியபோது முதலில் கால் வைத்தது சென்னை மண்ணில். இங்குள்ள மகாஜன சபை அவருக்கு வரவேற்பு அளித்தது. அதே மாதத்தில் சரசுவதி பூஜையன்று, போஸ்பாரா சந்து 17-ஆம் எண் வீட்டில் பள்ளி மீண்டும் மலர்ந்தது. ஜூலை 4 அன்று சுவாமிஜி மகாசமாதி அடைந்தார். நாட்டு விடுதலைப் பணியில் ஈடுபட விழைந்த நிவேதிதை, அதனால் துறவியர் சங்கத்துக்கு இடர் நேரக்கூடாது என்று அதே மாதத்தில் சங்கத்தின் அமைப்பிலிருந்து விலகிக்கொண்டார். எழுதுவதற்கே நெஞ்சு கனக்கும் முடிவு இது. குருவை இழந்த இரண்டு வாரங்களுக்குள் அவரது சங்கத்தின் நிழலையும் துறப்பதென்றால்! எனினும் அன்பில் குறைவு நேரவில்லை. அந்த ஆண்டின் இறுதியில் அவர் மீண்டும் சென்னை வந்து, கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என்று நாம் அழைக்கும் கட்டடத்தில், சுவாமி ராமகிருஷ்ணானந்தரின் பராமரிப்பில் தங்கிச் சொற்பொழிவுகள் ஆற்றினார்.

பள்ளியில் அவர் கற்பித்த விதமே தனி. எண்ணும் கணக்கும் புளியங்கொட்டைகளால் கற்பிக்கப்பட்டன. களிமண்ணில் உருவங்கள் செய்தல், தையல், ஓவியம் எல்லாம் பாடங்களே. பண்டிகைக்கு வங்காளப் பெண்கள் தரையில் இடும் அல்பனா, அதாவது நம் கோலம் போன்றது, பாட்டியிடமிருந்து பேத்திக்கு வந்த கலை. பிற பள்ளிகள் அதைப் பொருட்டாகவே எண்ணாத நாளில் நிவேதிதை அதைச் சுவரில் மாட்டி வைத்து, வருவோர்க்கெல்லாம் காட்டினார். கொழும்பில் பிறந்த தமிழ்க் குலத் தோன்றல் ஆனந்த குமாரசுவாமி அவற்றைப் பாராட்டினார் என்றபோது அவர் அடைந்த பெருமிதத்துக்கு அளவில்லை. வீட்டில் அடுப்பங்கரையோடு நின்றிருந்த தாயின் கைத்திறன் பள்ளியில் பாடமாயிற்று. பெற்றோரைப் பள்ளியில் பங்கேற்கச் செய்வதற்கு இதைவிட நல்ல வழி எது?

ஒருமுறை இந்தியாவின் அரசி யார் என்று மாணவிகளைக் கேட்டார். அவர்கள் விக்டோரியாவின் பெயரைச் சொன்னபோது வருந்தி, இந்தியாவின் என்றென்றைக்குமான அரசி சீதைதான் என்று உணர்த்தினார். கங்கையில் படகேற்றித் தட்சிணேசுவரம் அழைத்துச் சென்றார், அருங்காட்சியகத்தைக் காட்டினார். ஒவ்வொரு மாணவியின் இயல்பையும் திறமையையும் குறிப்பெழுதி வைத்தார். நன்கு படித்துக்கொண்டிருக்கும் ஒரு சிறுமி திடீரென வராமல் போவாள், திருமணம் நிச்சயமாகியிருக்கும். இந்த வேதனை அவரை ஆண்டுதோறும் வாட்டியது. சண்டையிட்டால் மற்றக் குடும்பங்களும் கதவை மூடிவிடும், பேசாமலிருந்தால் பெண்ணின் படிப்பு போயிற்று. அவர் வீடு வீடாகச் சென்று கைகூப்பி வேண்டினார். சிலர் இசைந்தனர், பலர் இசையவில்லை. இந்தப் போராட்டத்தில் அவர் வென்றார் என்று எழுதினால் அது மிகையாகும்.

மாணவிகளுள் இளம் விதவைகளும் இருந்தனர். ஏகாதசியன்று நீரும் அருந்தாமல் நோன்பிருந்த அவர்களுள் அருகில் வசித்த ஒருத்திக்கு, நோன்பின் வாட்டம் தீரப் பழமும் இனிப்பும் தருவது நிவேதிதையின் வழக்கம். ஓர் ஏகாதசி மாலை ஜகதீச சந்திர போஸின் வீட்டில் இருந்தபோது அதை மறந்துவிட்டது நினைவுக்கு வந்தது. உடனே வீடு திரும்பி அவளைத் தேடிச் சென்று, மறந்ததற்காக வருந்தினார்.

தாய்மார்களும் மாணவியர்

அமெரிக்காவின் டெட்ராயிட் நகரிலிருந்து சகோதரி கிறிஸ்டின் வந்து சேர்ந்தபின் பள்ளி ஒரு பெரிய அடியை எடுத்து வைத்தது. 1903 நவம்பரில் மகளிர் பிரிவு தொடங்கியது. அந்தப்புரத்தைத் தாண்டாத மனைவியரும் தாய்மாரும் விதவையரும் வீட்டு வேலை முடிந்த பின் பிற்பகலில் திரையிட்ட வண்டியில் வந்து எழுத்தும் தையலும் கற்றனர். யோகின்மா சாத்திரங்களைப் படித்து விளக்கினார். ஜகதீச சந்திர போஸின் சகோதரி லாவண்யபிரபா போஸ் பாடம் நடத்தினார். காலையில் மகள் படித்த அறையில் மாலையில் தாய் படித்தாள். கணவன்மார்களும் மாமியார்களும் இதற்கு எப்படி இசைந்தனர் என்ற கேள்வி எழும். அந்த வீட்டிலேதான் ஸ்ரீராமகிருஷ்ணர் தாயாகப் போற்றிய கோபாலேர் மா தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தார். ஆசாரத்தில் ஊறிய அந்த முதிய அந்தண விதவை 1906 ஜூலையில் மறையும் வரை நிவேதிதையின் பணிவிடையை ஏற்றார். அவர் இருக்கும் வீட்டில் தீட்டு என்று யார் சொல்வார்?

ரவீந்திரநாத் தாகூரும் ஒரு தந்தையாக நிவேதிதையிடம் வந்தார். தம் மகளுக்கு ஆங்கில முறையில் கல்வி புகட்ட வேண்டினார். குழந்தையின் உள்ளே இருப்பதை மலரச் செய்யாமல் வெளியிலிருந்து ஒன்றை ஒட்டவைப்பதில் பயனில்லை என்று நிவேதிதை மறுத்துவிட்டார். பெருங்கவிஞர் வருந்தவில்லை. பின்னாளில் அவரை லோகமாதா என்று போற்றினார்.

நம் பாரதியார் காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி வங்கம் சென்றபோது நிவேதிதையைச் சந்தித்தார். மனைவியை உடன் அழைத்து வராதது ஏன் என்று அவர் கேட்ட கேள்வி பாரதியாரின் உள்ளத்தைத் தைத்தது. 1908-இல் வெளியான சுதேச கீதங்களை அவருக்கே காணிக்கையாக்கினார். தாகூரையும் பாரதியாரையும் நிவேதிதை எதிர்கொண்ட முறையில் ஓர் ஒற்றுமை உண்டு. ஆணிடம் பேசும்போது அவர் கண் அவன் வீட்டுப் பெண்ணைத் தேடியது.

இங்கே உலகின் மறுபுறம் சற்று நோக்குவோம். 1919 செப்டம்பர் 7 அன்று ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ருடால்ஃப் ஸ்டெய்னர் ஒரு பள்ளியைத் தொடங்கினார். வால்டார்ஃப் அஸ்டோரியா சிகரெட் ஆலையின் உரிமையாளர் எமில் மோல்ட், தம் தொழிலாளர்களின் குழந்தைகளுக்காக அதை நிறுவக் கோரினார். 256 குழந்தைகள் சேர்ந்தனர். அம்முறையில் நடக்கும் பள்ளிகளில் ஆசிரியர் குழந்தையின் வீட்டுக்குச் செல்வார், பெற்றோர் பள்ளிக்கு வந்து விழா எடுப்பர், கைத்தொழிலும் ஓவியமும் எழுத்துக்கு இணையாகப் போற்றப்படும். 1990-களின் பிற்பகுதி முதல் ஐதராபாத், மும்பை போன்ற நகரங்களில் இத்தகைய பள்ளிகள் தோன்றின. இவற்றைப் புதுமை என்று வியக்கும் பெற்றோர், அதற்கு 21 ஆண்டுகளுக்கு முன்பே பாக்பஜாரில் நடந்ததை அறிந்திருப்பது நல்லது. ஸ்டெய்னரிடமிருந்து நிவேதிதையோ நிவேதிதையிடமிருந்து ஸ்டெய்னரோ கற்கவில்லை. பள்ளியும் இல்லமும் ஒன்றையொன்று அறியாமல் குழந்தை வளராது என்பதை இருவரும் தத்தம் வழியில் கண்டனர். ஸ்டுட்கார்ட்டில் ஓர் ஆலையின் வலிமை பின்னே இருந்தது. பாக்பஜாரில் நிவேதிதையின் பேனா மட்டுமே இருந்தது. நூல்கள் எழுதிய வருவாயும் சாரா புல் அம்மையார் போன்ற அன்பர்களின் உதவியுமே பள்ளியை நடத்தின. பணம் குறைந்தபோது நிவேதிதை தம் உணவைக் குறைத்துக்கொண்டார்.

அந்த உடல் நெடுநாள் தாங்கவில்லை. 1905-இல் மூளைக் காய்ச்சலால் உயிருக்குப் போராடினார். 1906-இல் கிழக்கு வங்கத்தின் வெள்ளத்திலும் பஞ்சத்திலும் நீரில் நடந்து பணிபுரிந்து மீண்டும் நலிந்தார். 1911 அக்டோபரில் போஸ் குடும்பத்தாருடன் டார்ஜிலிங்கில் தங்கியிருந்தபோது சீதபேதி கண்டது. தம் உடைமைகள் யாவும் இந்தியப் பெண்களுக்குத் தேசியக் கல்வி அளிக்கப் பயன்பட வேண்டுமென உயில் எழுதி, அவற்றைப் பேலூர் மடத்தின் பொறுப்பில் வைத்தார். அக்டோபர் 13 காலை, 44 வயது நிரம்பப் பதினைந்து நாட்கள் இருக்கையில், உயிர் பிரிந்தது.

பள்ளி நிற்கவில்லை. 1906 முதல் அங்குக் கற்பித்து வந்த சுதீரா தேவி அதைத் தோளில் சுமந்தார். 1918-இல் இராமகிருஷ்ண மிஷன் அதை ஏற்றது. 1963-இல் ஸ்ரீசாரதா மடத்தின் துறவியர் நடத்தும் ராமகிருஷ்ண சாரதா மிஷனிடம் அது ஒப்படைக்கப்பட்டது. முதன்முதலில் பள்ளி தொடங்கிய 16-ஆம் எண் வீடும் இன்று அவர்களது பொறுப்பிலேயே உள்ளது.

அப்பள்ளியின் மாணவிகளுள் பாருல் என்று ஒரு சிறுமி இருந்தாள். 1894-இல் பிறந்த அவளுக்கு வழக்கப்படி இளவயதிலேயே மணம் முடித்துவிட்டனர். இல்லற வாழ்வில் அவள் உள்ளம் ஒட்டவில்லை. சுதீரா தேவியின் துணையோடு வீட்டைவிட்டு வெளியேறினாள். சரளா என்ற பெயரில் செவிலியர் பயிற்சி பெற்றாள். 1920-இல் அன்னை ஸ்ரீசாரதாதேவியாரின் இறுதி நோயில் அருகிலிருந்து பணிவிடை செய்தவர்களுள் அவளும் ஒருத்தி. பல ஆண்டுகள் கழித்து, 1954-இல் தட்சிணேசுவரத்தில் ஸ்ரீசாரதா மடம் தொடங்கியபோது, அதன் முதல் தலைவியாக அமர்ந்த பிரவ்ராஜிகா பாரதிபிராணா மாதாஜி, போஸ்பாரா சந்தில் பயின்ற அந்தப் பாருல்தான்.